சலவை இயந்திரத்தில் படியும் கசடு

அழுக்கைப் போக்க நாம் இடும் பொருளே அழுக்காகி, மீண்டும் நம் துணியில் ஏறுமாயின் அதனை என்னென்பது! இன்று பல வீடுகளில் சலவை இயந்திரத்தினுள் நடப்பது அதுவே. இயந்திரத்தின் மேற்புறம் துடைக்கப்பட்டுப் பளபளக்கிறது. உட்புறத்திலோ, கண் காணாத இடத்தில், சாம்பல் நிறக் கசடு ஏடுபோலப் படிந்து கிடக்கிறது. அக்கசடு வெள்ளைத் துணியில் கறுப்புத் துணுக்காக ஒட்டுகிறது. உலர்ந்த துணியில் புழுக்க நாற்றமாக வீசுகிறது. அது எவ்வாறு உண்டாகிறது, அதனை எவ்வாறு நீக்குவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு சிறுவனின் சட்டை

இதனை ஆராயும்படி என்னைத் தூண்டியவன் ஒரு சிறுவன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் படித்தான். அவனுடைய வெள்ளைச் சட்டை துவைத்துத் தேய்க்கப்பட்டதாகவே இருக்கும். ஆயினும் காலை பத்து மணிக்கு வெயில் ஏறி உடல் வியர்த்தவுடன் அதிலிருந்து ஈரத்துணி நாற்றம் எழும். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி அமர்ந்தனர். அவன் பேச்சுக் குறைந்தது. பின்னர் பள்ளிக்கு வருவதும் குறைந்தது.

‘வீட்டில் கவனிப்பார் இல்லை போலும்’ என்று ஆசிரியர்கள் கருதினர். நானும் அவ்வாறே எண்ணி அவன் தாயாரை அழைத்துவரச் செய்தேன். அவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர். “தினமும் துவைக்கிறேன் சார். வாடை போகலையேன்னு ரெண்டு கரண்டித் தூளுக்கு நாலு கரண்டி போடுறேன். வாசனைத் தண்ணியும் நிறைய ஊத்துறேன். ஆனா வாடை கூடிக்கிட்டுத்தான் போகுது” என்று கூறிக் கண் கலங்கினார்.

காரணம் அறியாமல் பிள்ளையைக் குறை கூறலாகாது என்று ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் கற்பித்திருந்தனர். முப்பது ஆண்டுக்கு மேல் அதனைப் பிறருக்கும் நான் கூறி வந்தவன். அன்று அதனை மறந்தேன். அத்தாயிடம் இருந்த குறை சோம்பல் அன்று. சவுக்காரத்தின் குறைவும் அன்று. சவுக்காரத்தின் மிகுதியே குறையாயிற்று.

கசடு என்பது யாது?

மேலிருந்து துணி போடும் இயந்திரத்தைத் திறந்தால் துளைகள் நிறைந்த ஓர் உருளை தெரியும். அதற்கு வெளியே, நீரைத் தாங்கும் மற்றொரு தொட்டி உண்டு. துணி உள்உருளையில் மட்டும் சுழலும். நீரோ இரண்டிற்கும் இடையே சென்று வரும். உள்உருளையின் வெளிப்புறத்தையும் வெளித்தொட்டியின் உட்புறத்தையும் துணியும் உரசுவதில்லை, நம் கையும் தொடுவதில்லை. கசடு குடியேறும் இடம் அதுவே. முன்புறம் கதவுள்ள இயந்திரத்தில் இதனோடு கதவைச் சுற்றியுள்ள இரப்பர் வளையத்தின் மடிப்பும் சேரும்.

அக்கசட்டில் பல பொருள்கள் கலந்துள்ளன. முதலாவது, கரையாமலும் அலசப்படாமலும் எஞ்சிய சலவைத்தூள். இரண்டாவது, நம் உடலிலிருந்து துணிக்கு வரும் எண்ணெய்ப் பசையும் தோல் துகளும். மூன்றாவது, துணி மென்மையாக்கியின் மெழுகு போன்ற பகுதி. நான்காவது, துணியிலிருந்து உதிரும் நூல்பொடி. இவை யாவும் சேர்ந்த பசையில் நுண்ணுயிர்கள் குடியேறி வழுவழுப்பான ஏடாகப் பரவுகின்றன. நீர்த் தடைக்குப் பின் குழாயில் வரும் கலங்கல் நீரின் வண்டலும் சில வேளைகளில் இதனோடு சேரும்.

சலவைத்தூளின் தொழில் எளிதில் விளங்கக் கூடியதே. அதன் நுண்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் ஒரு தலையும் எண்ணெயை விரும்பும் ஒரு வாலும் உண்டு. வால் அழுக்கின் எண்ணெயைப் பற்றுகிறது. தலை அதனை நீருக்குள் இழுக்கிறது. அழுக்கைப் பற்றும் வேலை முடிந்த பின் எஞ்சும் தூளுக்கு அங்கே வேலை இல்லை. அது அலசும் நீரோடு வெளியேற வேண்டும். மிகுதியாக இட்டால் இரண்டு அலசல் அதற்குப் போதா. எஞ்சியது துணியிலும் தொட்டியிலும் தங்கும்; தங்கியது புதிய அழுக்கைத் தன்பால் ஈர்க்கும்.

இத்தகைய பொருள்களை ஆக்கும் மூலப்பொருள் நமக்கு அயலானது அன்று. நம் ஜோகூரில் உள்ள பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெயைப் பிரித்து, சவுக்காரம் முதலியவற்றிற்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களை ஆக்கும் ஆலைகள் உள்ளன. அத்தாய் தோட்டத்தில் குனிந்து பொறுக்கும் பழத்தின் எண்ணெயே சவுக்காரமாகி வீடு திரும்புகிறது என்று கூறினும் பொருந்தும். அதனை வீணே மிகுதியாகக் கொட்டுதல் உழைப்பைக் கொட்டுதலேயாம்.

நம் நீரின் இயல்பு

சலவையின் இரகசியம் பாதி நீரில் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த நீர் வன்னீர். அவை குறைந்தது மென்னீர். வன்னீரில் சவுக்காரம் எளிதில் நுரைக்காது. தயிர் திரிந்தாற்போல் திரியும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இத்தகையது. சுண்ணாம்புப் பாறை மிகுந்த தென்கிழக்கு இங்கிலாந்தின் நீரும் அவ்வாறே. அங்கெல்லாம் இயந்திரத்தினுள் கல்போன்ற வெண்படிவு ஏற்படும். அதனைக் கரைக்க வினிகரைப் போன்ற அமிலம் வேண்டும்.

நம் ஜோகூரிலோ ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் சேரும் மழைநீரே சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. அது பெரும்பாலும் மென்னீர். இதனை அறிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. உங்கள் வீட்டுக் கெட்டிலைத் திறந்து பாருங்கள். பல மாதம் நீர் காய்ச்சிய பின்னும் அடியில் வெண்படிவு காணப்படவில்லையெனில் உங்கள் நீர் மென்னீரே.

எங்கள் பள்ளியில் இதனை மாணவர்க்குச் செய்து காட்டினேன். மூன்று போத்தல்களை எடுத்தேன். ஒன்றில் குழாய்நீர், மற்றொன்றில் மழைநீர், மூன்றாவதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்து இறுத்த நீர். மூன்றிலும் சவுக்காரச் சீவலை ஒரே அளவாக இட்டுக் குலுக்கினேன். குழாய்நீரும் மழைநீரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நுரைத்தன. சுண்ணாம்பு நீரில் நுரை இல்லை; வெண்ணிறத் திப்பி மிதந்தது. “சார், நம்ம தண்ணி மழைத்தண்ணி மாதிரிதான்” என்றாள் ஒரு மாணவி. நூலில் ஒரு பக்கம் கூறுவதை அவள் ஒரே வரியில் கூறிவிட்டாள்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, நம் இயந்திரத்தில் படிவது பெரும்பாலும் சுண்ணாம்பு அன்று, கொழுப்பும் சவுக்காரமுமே. ஆதலால் வன்னீர் நாட்டார் கூறும் வினிகர் மருத்துவம் நம் நோய்க்குப் பொருந்தாது. மற்றொன்று, மென்னீருக்குச் சலவைத்தூள் குறைவாகவே போதும். ஐரோப்பிய நாடுகளில் சலவைத்தூள் பொட்டலத்தின்மேல் மென்னீருக்கு இவ்வளவு, வன்னீருக்கு இவ்வளவு என்று தனித்தனியே அளவு அச்சிடுவர். நம் கடைகளில் நான் பார்த்த பொட்டலங்களில் அப்பாகுபாடு காணப்படவில்லை. தூள்கள் பலவற்றில் நீரின் வன்மையைப் போக்கச் சியோலைட் என்னும் பொருளும் சேர்க்கப்படுகிறது. அது நீரில் கரையாத நுண்பொடி. அளவோடு இட்டால் அலசலில் போய்விடும். மிகுதியானால் மூலை முடுக்குகளில் தங்கும்.

வெள்ளாவி கற்பிக்கும் பாடம்

நம் முன்னோர் காரமும் வெப்பமும் அழுக்கை அகற்றும் என்பதை நன்கு அறிந்திருந்தனர். களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் வெளுத்த வெள்ளாடையைப் பற்றிப் புறநானூறு கூறுகிறது. களர்நிலத்து உவர்ப்பில் காரம் உண்டு. பிற்காலத்தில் உவர்மண் இட்டு, துணியை ஆவியில் வேகவைத்து வெளுத்தனர். அதுவே வெள்ளாவி. உடலின் எண்ணெய்ப் பசை வெப்பத்தில் இளகும்; காரத்தில் கரையும்; நுண்ணுயிர்களும் அவ்வெப்பத்தில் மடியும்.

இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் குழாய்நீரையே அப்படியே இயந்திரத்தில் விடுகிறோம். அதன் வெப்பம் முப்பது டிகிரிக்கு அண்மையில் இருக்கும். துணியின் நிறம் காக்கவும் மின்சாரம் மிச்சப்படவும் இது நல்லதே. ஆயினும் எண்ணெய்ப் பசை முற்றும் இளகுவதில்லை. நுண்ணுயிர்கள் இறப்பதும் இல்லை. மாறாக, நம் நாட்டு வெப்பத்தில், மூடிய ஈரத் தொட்டியில், உண்ணக் கொழுப்பும் கிடைத்தால் அவை செழித்து வளரும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், துவைத்த துணியின் ஈரநாற்றத்திற்கு மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்னும் நுண்ணுயிர் ஒரு முக்கிய காரணம் என்று கண்டனர். துவைத்துலர்ந்த பின்னும் அது துணியில் பிழைத்திருந்து, மீண்டும் ஈரம் பட்டவுடன் நாற்றப் பொருளை உண்டாக்குகிறது. நம் மாணவனின் சட்டை காலையில் மணக்காமல், வியர்த்த பின் நாறியதற்குக் காரணம் இதுபோன்ற ஒன்றே எனக் கருதலாம்.

மென்மையாக்கியும் தூளும்

நம்மில் பலர் நாற்றத்தை மறைக்க வாசனையுள்ள மென்மையாக்கியை ஊற்றுகின்றனர். சலவைத்தூளின் முக்கியப் பொருள் எதிர்மின் ஏற்றமுடையது; மென்மையாக்கியின் பொருளோ நேர்மின் ஏற்றமுடையது. இரண்டும் ஒரே நீரில் சந்தித்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மெழுகு போன்ற கரையாப் பொருளாக மாறும். தூளும் துவைப்பதில்லை, மென்மையாக்கியும் மென்மை செய்வதில்லை. அதனால்தான் மென்மையாக்கியைக் கடைசி அலசலில் இடும்படி தனி அறை வைத்துள்ளனர். அவ்வறையில் ஊற்றாமல் துணியோடு சேர்த்துக் கொட்டுவது கசட்டை நாமே செய்து வைப்பதாகும்.

கசடு உண்டா என அறிதல்

துணியும் தூளும் இடாமல் வெறும் நீரை நிரப்பி, இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். பின்பு நிறுத்தி நீரைப் பாருங்கள். நுரை எழுந்திருந்தால், முன்பு இட்ட தூள் உள்ளே தங்கியிருக்கிறது என்பது உறுதி. கறுப்புத் துணுக்கும் மிதந்தால் கசடு முற்றியிருக்கிறது என்க.

நீக்கும் முறை

இதற்கு ஏற்ற பொருள் சோடியம் பெர்கார்பனேட். ஆக்சிஜன் வெளுப்புத் தூள் என்று கடைகளில் கிடைக்கும். வெந்நீரில் இட்டால் இது சலவைச் சோடாவாகவும் ஐதரசன் பெராக்சைடாகவும் பிரியும். சோடாவின் காரம் கொழுப்பை இளக்கும், பெராக்சைடிலிருந்து எழும் ஆக்சிஜன் குமிழிகள் ஏட்டைப் பெயர்க்கும், நுண்ணுயிரும் மடியும். வெள்ளாவியின் காரமும் வெப்பமும் இங்கே வேறு வடிவில் வருகின்றன.

இயந்திரத்தின் கையேட்டை முதலில் பாருங்கள். உருளையைத் துலக்கத் தனி முறை இருப்பின் அதனையே பின்பற்றுக. இல்லையெனில் கீழ்வருமாறு செய்யலாம்.

முதலில் மின்செருகியைப் பிடுங்குக. நூல்பொடி சேரும் வலைப்பையையும், தூள் இடும் அறையையும் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுக. முன்கதவு இயந்திரமாயின் அடியில் உள்ள வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்க. நீர் கொட்டுமாதலால் தட்டு ஒன்றை வைத்துக்கொள்க. இரப்பர் வளையத்தின் மடிப்பை ஈரத்துணியால் துடைக்க.

அடுத்து, மேல்திறப்பு இயந்திரத்தில் வெதுவெதுப்பான நீரை நிரப்புக. கொதிநீரை நேரே ஊற்றுதல் கூடாது. உறுப்புகள் பழுதுபடும், கையும் வேகும். நாற்பது முதல் ஐம்பது டிகிரி வரை போதும். குளியலறைச் சுடுநீர்க் கருவியிலிருந்து வாளியில் பிடித்து ஊற்றலாம். கெட்டில் நீராயின், ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்நீர் என்று வாளியிலேயே கலந்துகொண்டால் ஏறத்தாழ ஐம்பது டிகிரி வரும். தேநீர்க் கோப்பை ஒன்றளவு தூளைக் கரைத்து இடுக. மின்செருகியைச் செருகிச் சில நிமிடம் சுழலவிட்டு நிறுத்துக. நான்கைந்து மணிநேரமோ இரவு முழுவதுமோ ஊறட்டும். காலையில் மீண்டும் சுழலவிட்டால் கசடு பாசிபோல மிதக்கும். அதனைத் தேநீர் வடிகட்டியால் அள்ளி எடுத்த பின்பே நீரை வடியவிடுக. இல்லையேல் குழாய் அடைபடும். பின்பு வெறும் நீரில் இருமுறை அலசுக. முதல் முறையில் கசடு மிகுதியாக வந்தால் மறுவாரம் ஒருமுறை செய்க.

முன்கதவு இயந்திரத்தில் துணி இடாமல், அரைக் கோப்பைத் தூளை உருளையில் இட்டு, மிக வெப்பமான சுற்றில் ஓடவிட்டால் போதும்.

தூளைக் கையாளும்போது கையுறை அணிக. கண்ணில் படாமல் காக்க. கரைத்த நீரைப் போத்தலில் அடைத்து மூடி வைத்தல் கூடாது. எழும் ஆக்சிஜன் போத்தலை வெடிக்கச் செய்யும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

வினிகரும் சோடா மாவும் சேர்த்து இட்டால் பொங்கி எழுந்து கசட்டை நீக்கும் என்று பலர் நம்புகின்றனர். அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றின் வலிமையை ஒன்று கெடுக்கும். எஞ்சுவது சிறிது உப்பும் நீருமே. பொங்கும் காட்சி கண்ணுக்கு விருந்து, தொட்டிக்குப் பயனில்லை. இதனால் தீங்கும் பெரிதில்லை.

பெருந்தீங்கு மற்றொன்றில் உண்டு. ‘குளோராக்ஸ்’ என்று நாம் கேட்டு வாங்கும் வெளுப்பு நீரோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், முதல் உலகப் போரில், பெல்ஜிய நாட்டு ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மேல் ஏவியது இவ்வாயுவையே. போர்க்களத்தில் படைவீரரை வீழ்த்திய வாயுவைக் காற்றோட்டமில்லாத குளியலறையில் நாமே உண்டாக்கலாமா? கழிவறை துலக்கும் திரவங்கள் பலவும் அமிலமே. அம்மோனியா கலந்த துப்புரவு நீரோடு வெளுப்பு நீர் சேர்ந்தாலும் நச்சுவாயு எழும். வெளுப்பு நீரைக் கையேடு அனுமதித்தால் தனியே பயன்படுத்துக, எதனோடும் கலவற்க. இதனை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மீண்டும் சேராதிருக்க

பொட்டலத்தில் கூறிய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். துணி சுத்தமாகாவிட்டால் மட்டும் சிறிது கூட்டுங்கள். நுரையைக் கண்டு அளவிடாதீர்கள். பொதுக் குழாயடியில் கட்டிச் சவுக்காரம் தேய்த்த நாளில் நுரையே நம்பிக்கையாக இருந்தது. இன்றைய இயந்திரத்தில் மிகு நுரை துணிகள் ஒன்றோடொன்று உரசுவதைத் தடுக்கிறது. மண்ணும் எண்ணெயும் படிந்த தோட்டத்து வேலை உடைகளுக்குத் தூளைக் கூட்டுவதற்கு மாறாக, முதலில் வாளியில் ஊறவைத்துக் கையால் அலசிவிட்டு இயந்திரத்தில் இடுக. உருளையைத் திணிக்காதீர்கள், நீர் புகாத துணி அலசப்படுவதில்லை. துவைத்த துணியை உடனே எடுத்து வெயிலில் உலர்த்துக. மூடியைச் சற்றுத் திறந்து வைத்து உட்புறம் காய விடுக. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், அவர்கள் இயந்திரத்தினுள் ஏறாதபடி அந்த அறைக் கதவை மூடி வைத்தல் இன்றியமையாதது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மேற்கூறிய துலக்கலைச் செய்தால் போதும்.

இவ்வேலை தாய்மாருக்கே உரியது என்று தந்தைமார் ஒதுங்குதல் தகாது. வடிகட்டியைக் கழற்றுவதும் வாளி தூக்குவதும் அவர்களும் செய்யத்தக்கனவே.

அத்தாயின் வீட்டு இயந்திரத்தை நானும் எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரும் சென்று துலக்கிக் கொடுத்தோம். முதல் ஊறலில் வெளிவந்த கசட்டைக் கண்டு அவர் வாயில் கைவைத்து நின்றார். “இதுலயா அம்மா என் சட்டையத் துவைச்ச?” என்றான் மகன். அதன்பின் அவர் ஒரு கரண்டிக்கு மேல் தூள் போடுவதில்லை. மூன்றாம் வாரத்தில் சட்டையில் நாற்றம் இல்லை. பையனும் நண்பர்களுக்கு நடுவே அமர்ந்தான்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். சவுக்காரமும் அதற்கு விலக்கன்று. ஒரு பிள்ளையின் சட்டையில் அழுக்கைக் காணும்போது, அப்பிள்ளையின் வீட்டைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், அச்சட்டை துவைக்கப்பட்ட தொட்டியையும் ஒருமுறை பார்த்தல் நம் கடமையாகும்.